ஜெர்சில ஒட்டினதை எடுக்கறது எப்படி? துணிக்கு ‘அன்டூ’ பட்டன் கிடையாது

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஃபோன் இல்லை, ஆப் இல்லை, ஏஐ சுத்தமா இல்லை. துணி. ஆனா கேட்டு முடிக்கும்போது இதுவும் ஒரு டீபக்கிங் வேலைதான்னு ஒத்துப்பீங்க.

கேள்வி சிம்பிள். விளையாட்டு ஜெர்சில ஒட்டியிருக்கிற பழைய பேர், பழைய நம்பர், ஸ்பான்சர் லோகோ, கைல இருக்கிற பேட்ச், இதையெல்லாம் துணிக்கு ஒண்ணும் ஆகாம எடுக்க முடியுமா? கூடவே ஒரு துணைக் கேள்வி, கறை. பிரியாணி, செம்மண், புல்லு, ரத்தம், வியர்வை.

நெட்ல தேடினா பத்து பதில் கிடைக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் போடு, பெட்ரோல்ல தொடை, அயர்ன் பாக்ஸை வெச்சு அழுத்து, ஃப்ரீசர்ல வை. வேடிக்கை என்னன்னா பத்துமே யாரோ ஒருத்தரோட ஜெர்சில வேலை செஞ்சிருக்கும். உங்க ஜெர்சில வேலை செய்யுமான்னு அந்தப் பதில்ல இருக்காது. ‘என் மெஷின்ல ஓடுதே’ன்னு டெவலப்பர் சொல்ற மாதிரிதான்.

நான் இதைப் புரிஞ்சுக்கிட்ட விதம் இது. ஜெர்சில மூணு பொருள் இருக்கு. துணி, துணிக்குள்ள ஏறின சாயம், மேல ஒட்டின பசை. நாம கொடுக்கிற சூடோ திரவமோ பசையை மட்டும் தொடணும், மத்த ரெண்டையும் தொடக் கூடாது. அந்த இடைவெளி எவ்வளவு சின்னதுன்னு தெரிஞ்சா, எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாதுன்னு நீங்களே முடிவு பண்ணிடலாம்.

முதல்ல விரலால தடவிப் பாருங்க

2025 ஆகஸ்டுல பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை போடுற சட்டம் வந்தது ஞாபகம் இருக்கா? இந்திய கிரிக்கெட் டீம் ஜெர்சில இருந்த ட்ரீம்11 பேர் போச்சு. அடுத்த மாசம் நடந்த ஆசியக் கோப்பைல நம்ம ஆளுங்க நெஞ்சுல ஸ்பான்சர் பேரே இல்லாம ஆடினாங்க. அப்போ எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர், ‘டேய், என் ஜெர்சில இருந்தும் அந்தப் பேரைத் தூக்கிடலாமா’ன்னு கேட்டாங்க. ஒருத்தன் ஜெர்சில முடிஞ்சது. இன்னொருத்தன் ஜெர்சில முடியவே முடியாது. பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது.

வித்தியாசம் விரலுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கிட்டு எழுத்து மேல தடவுங்க. எழுத்து எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு விரலுக்குத் தெரியவே இல்லைன்னா அது சப்ளிமேஷன். நம்ம ஊர்ல டோர்னமென்டுக்குச் செட்டா அடிச்சு வாங்குற ஜெர்சில ஏராளம் இந்த ரகம்தான். பேப்பர்ல அச்சடிச்ச சாயத்தைத் துணி மேல வெச்சு, சுமார் 200 டிகிரில அழுத்துவாங்க. சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே போய் உக்காந்துடும். அங்க பசை கிடையாது, படலம் கிடையாது. எழுத்தை எடுக்கணும்னா துணியைத்தான் எடுக்கணும். அதனால சப்ளிமேஷன்னு தெரிஞ்சா அதோட விட்டுடுங்க. மேல ஒரு துணி வெச்சுத் தைக்கலாம், அவ்வளவுதான்.

விளிம்பு தட்டுப்பட்டுச்சுன்னா, மெல்லிசா ரப்பர் மாதிரியோ வெல்வெட் மாதிரியோ ஒரு படலம் இருந்துச்சுன்னா, அது ஹீட் பிரஸ் வெச்சு ஒட்டினது. கடைல ‘ஸ்டிக்கர்’னு சொல்லுவாங்க, வினைல்னும் சொல்லுவாங்க. இப்போ தெருவுக்குத் தெரு இருக்கிற டிடிஎஃப் பிரிண்டும் இந்தக் குடும்பம்தான். ஃபிலிம் மேல மை அடிச்சு, அது மேல பசைப் பவுடர் தூவி, உருக்கி, துணி மேல வெச்சு அழுத்துறது. இங்க பசை இருக்கு. அப்போ வழியும் இருக்கு.

எம்ப்ராய்டரி பேட்ச்சா இருந்தா ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க. சிலது தையல் மட்டும், சிலது பசை மட்டும், சிலது ரெண்டும். தையல் இருந்தா அதை முதல்ல பிரிக்கணும். பிரிக்கும்போது நூலை பேட்ச் பக்கத்துல வெட்டுங்க, ஜெர்சி பக்கத்துல வெட்டாதீங்க. கத்தி கொஞ்சம் வழுக்கினா பேட்ச்தான் கிழியும், அது எப்படியும் குப்பைக்குத்தான் போகப் போகுது. பழைய ஸ்க்ரீன் பிரிண்ட், அதாவது பெயின்ட் அடிச்ச மாதிரி கெட்டியா இருந்து வருஷம் ஆக ஆக வெடிச்சுப் பாளம் பாளமா இருக்குமே, அது நூலைச் சுத்திப் பிடிச்சிருக்கும். உரிக்க வராது. அதை விட்டுடுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

சூடு எதுக்கு ஆபத்து

இந்த எபிசோட்ல இது ஒண்ணு போதும், மத்தது எல்லாம் இதுல இருந்தே வந்துடும். அதனால கொஞ்சம் நிதானமா போறேன்.

ஜெர்சி துணி பெரும்பாலும் பாலியஸ்டர். டாட் நிட்டா இருக்கட்டும், இன்டர்லாக்கா இருக்கட்டும், பின்னல் வேற வேற, இழை அதேதான். பருத்திக்குப் போடுற சாயம் இதுல ஏறாது, ஏன்னா பாலியஸ்டர் தண்ணியையே உள்ள விடாது. அதனால இதுக்குன்னு தனி சாயம், பேரு டிஸ்பர்ஸ் சாயம். டையிங் பட்டறைல மூடின மெஷின்ல, அழுத்தத்தோட, சுமார் 130 டிகிரி தண்ணில போட்டு எடுப்பாங்க. அந்தச் சூட்டுல இழை இளகி வழிவிடும், சாயம் உள்ள போகும், ஆறினதும் கதவு மூடிக்கும். சாயம் உள்ளேயே மாட்டிக்கும். அதனாலதான் ஜெர்சி நூறு தடவை துவைச்சாலும் கலர் போறதில்லை.

இப்போ திருப்பி யோசிங்க. மறுபடியும் அந்த அளவு சூடு காட்டினா? கதவு மறுபடியும் திறக்கும். சாயம் வெளியே வரும். சிவப்பு ஜெர்சில வெள்ளை நம்பர் ஒட்டின கொஞ்ச நாள்ல அது ரோஸ் கலரா மாறுறதைப் பார்த்திருப்பீங்க. அழுக்கு இல்லை அது. ஹீட் பிரஸ் சூட்டுல துணியோட சிவப்பு மேல ஏறி நம்பருக்குள்ள போயிடுச்சு. இதுக்காகவே சாயத்தைத் தடுக்கிற ஒரு அடுக்கு வெச்ச வினைல் தனியா விக்கிறாங்க.

சில எண்கள் மட்டும் மனசுல வெச்சுக்கங்க. பாலியஸ்டர் உருகறது சுமார் 250 டிகிரிக்கு மேல. அது ரொம்ப தூரம், பிரச்சினை இல்லை. ஆனா 70, 80 டிகிரியை ஒட்டியே இழை கடினமா இருந்ததுல இருந்து மெத்துனு ஆக ஆரம்பிச்சிடும். அப்போ அயர்ன் பாக்ஸால அழுத்தினா இழை நசுங்கி, அந்த இடம் மட்டும் பளபளன்னு ஆகும். ஆறினப்புறம் அந்தப் பளபளப்பு அப்படியே நின்னுடும், எந்த சோப்பும் அதைப் போக்காது. வினைல் ஒட்டுறப்போ பிரஸ்ல 130ல இருந்து 160 வரைக்கும் வைக்கிறது வழக்கம். ஆனா ஒட்டின பசையை மறுபடி இளக்க அவ்வளவு வேண்டியதில்லை. கெட்டியாகி நிக்கிற பசை, உரிக்கிற அளவுக்கு மெத்துனு ஆனா போதும். நமக்குக் கிடைக்கிற இடைவெளி அதுதான்.

ஜெர்சி லேபிள்ல அயர்ன் பாக்ஸ் படம் போட்டு உள்ள புள்ளி இருக்கும். ஒரு புள்ளின்னா 110 டிகிரிக்கு மேல போகாதே. ரெண்டுன்னா 150. மூணுன்னா 200. ஜெர்சில பெரும்பாலும் ஒரு புள்ளிதான் இருக்கும், இல்லைன்னா படத்து மேல பெருக்கல் குறி. பெருக்கல் குறி இருந்தா அயர்ன் பாக்ஸை மறந்துட்டு ஹேர் ட்ரையருக்குப் போயிடுங்க.

ஒரே ஒரு ஜெர்சி இருக்கிறவங்க

வியாசர்பாடில இருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. வடசென்னைல ஃபுட்பால்னா வியாசர்பாடின்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இவங்க காலேஜ் ஃபர்ஸ்ட் இயர், டிஃபெண்டர். ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன். போடறதுக்கு இருக்கிறது அண்ணனோட பழைய நீல ஜெர்சி ஒண்ணுதான். முதுகுல ஏதோ ஒரு கடையோட பேர் ஏழு எழுத்துல ஒட்டியிருக்கு. வேற கடை, கிளப் பேர் எதுவும் இருக்கக் கூடாதுன்னு கோச் சொல்லிட்டாராம். புதுசு வாங்கலாம்னா 400 ரூபாய், இந்த மாசம் வீட்ல கேக்க முடியாதுன்னாங்க. ‘பக்கத்து வீட்டு அண்ணா பெட்ரோல்ல தொடைச்சா போயிடும்னு சொல்றாரு. போயிடுமா?’ இதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த எபிசோட். அஞ்சு ஜெர்சி வெச்சிருக்கிற எனக்கு ஒண்ணு பாழானா ஒரு கதை, ஆபீஸ்ல சொல்லிச் சிரிச்சுக்கலாம். இவங்களுக்குத் தப்பா ஒரு தடவை தொடைச்சா ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்குப் போறதே இல்லை. அதனால பெட்ரோல் வேணவே வேணாம்னு உடனே மெசேஜ் போட்டுட்டு, வியாழக்கிழமை ராத்திரி வீடியோ கால்ல உக்காந்தோம்.

லேபிள்ல பாலியஸ்டர் 100 சதவீதம், ஒரு புள்ளி. விரல்ல விளிம்பு தட்டுது, வினைல்தான். வீட்ல ஹேர் ட்ரையர் இல்லை. அயர்ன் பாக்ஸ் பழசு, திருகுல எழுத்தெல்லாம் அழிஞ்சு போயிருக்கு. எவ்வளவு சூடுன்னு எப்படித் தெரியும்? தோசைக்கல் மாதிரிதான். பிளக்கைப் பிடுங்கிட்டு, விரல் நுனில இருந்து ஒரே ஒரு துளி தண்ணியைத் தட்டில தெளிக்கணும். துளி உக்காந்த இடத்துலயே நிதானமா சத்தம் போட்டுக் காஞ்சா 100க்குக் கொஞ்சம் மேல இருக்கு. துளி முத்து மாதிரி உருண்டு ஓடினா 200ஐ நெருங்கிடுச்சு, ஜெர்சி பக்கமே கொண்டு போகக் கூடாது, ஆற விடணும். முதல் தடவை ஓடத்தான் செஞ்சது. அஞ்சு நிமிஷம் காத்திருந்தோம்.

அடுத்தது டெஸ்ட். ப்ரொடக்‌ஷன்ல நேரா கை வைக்காதேன்னு எங்க வேலைல சொல்லுவோம். ஜெர்சிக்கும் ஒரு ஸ்டேஜிங் இருக்கு, கீழ் மடிப்போட உள்பக்கம். அங்க வெள்ளைப் பருத்தித் துணி போட்டு, மேல பாக்ஸைப் பத்து எண்ணுற வரைக்கும் வெச்சு எடுத்தாங்க. பார்க்க வேண்டியது ரெண்டு. வெள்ளைத் துணில நீலம் ஏறியிருக்கா? ஜெர்சில அந்த இடம் மட்டும் மினுக்குதா? ரெண்டும் இல்லை. அப்புறம்தான் முதுகுக்குப் போனோம்.

ஜெர்சிக்கு உள்ள ஒரு அட்டையைச் சொருகச் சொன்னேன், அட்டை மேல பழைய வேட்டித் துணி. இல்லைன்னா இளகின பசை முன்பக்கத் துணியோட ஒட்டிக்கும், அப்புறம் ரெண்டு வேலை. ஜெர்சியை உள்புறம் திருப்பி, எழுத்துக்குப் பின்பக்கம் சூடு வர்ற மாதிரி, நடுவுல பருத்தித் துணி வெச்சு, பத்து எண்ணி எடுக்கணும். தேய்க்கக் கூடாது, வெச்சு எடுக்கறது மட்டும்தான். உடனே திருப்பி, எழுத்தோட ஒரு மூலையை நகத்தால கிளப்பணும்.

இங்க ஒரு விஷயம். மேல் நோக்கி இழுக்காதீங்க. ஜெர்சி பின்னல் துணி, மேல இழுத்தா துணியும் கூட வரும், கண்ணி இழுபட்டு அலை அலையா நிக்கும். வினைலை அப்படியே மடிச்சு, துணியோட படுக்கையா, பின்னாடி நோக்கி உரிக்கணும். ஃபோன் ஸ்க்ரீன் கார்டை உரிப்போமே, அது மாதிரி. இன்னொரு கையால துணியை அழுத்திப் பிடிச்சுக்கணும். வரலைன்னா பலத்தைக் கூட்டாதீங்க. மறுபடியும் பத்து எண்ணுங்க.

முதல் எழுத்து எட்டு நிமிஷம் ஆச்சு. கடைசி எழுத்து ரெண்டு நிமிஷம். ஏழும் வந்துடுச்சு. பசை மட்டும் அங்கங்க நின்னது, அதுக்கு அடுத்து வரேன். பசையும் போனதுக்கு அப்புறம் பார்த்தா ஏழு எழுத்தும் நிழல் மாதிரி அங்கேயே இருக்கு. சுத்தி இருக்கிற நீலம் வெயில்ல வெளுத்திருக்கு, எழுத்துக்கு அடில மட்டும் பழைய நீலம் புதுசா இருக்கு. இதை மட்டும் யாராலயும் எடுக்க முடியாது, ஏன்னா அங்க எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை. ரெண்டு மூணு வருஷம் போட்ட ஜெர்சின்னா இந்த நிழலை எதிர்பார்த்துட்டே வேலையை ஆரம்பிங்க. ‘அண்ணா, கிட்ட வந்து பார்த்தாத்தான் தெரியுது, எங்கிட்ட கிட்ட வர்ற ஃபார்வர்டு அதைப் படிச்சுட்டு நிக்க மாட்டாங்க’ன்னாங்க. ஞாயித்துக்கிழமை அதையே போட்டுட்டுப் போய் ஆடினாங்க. முடிவு இன்னும் வரலை.

மிச்சம் நிக்கிற பசை

பெரும்பாலானவங்க ஜெர்சியைப் பாழாக்கறது இங்கதான். எழுத்து வந்துடுச்சு, பிசுபிசுப்பு மட்டும் நிக்குது, பொறுமை போயிடுது, கைல கிடைச்ச பாட்டிலைத் திறந்துடறாங்க.

முதல்ல திரவமே வேணாம். பழைய பருத்தித் துணியை மேல வெச்சு, அதே மிதமான சூட்டுல அழுத்தி, சூடு ஆறறதுக்குள்ள துணியை எடுங்க. இளகின பசைல ஒரு பகுதி பருத்தித் துணிக்குப் போயிடும். துணியோட புது இடத்தை வெச்சு மறுபடி. மூணு, நாலு தடவைல பாதிக்கு மேல போயிடும். காசு செலவில்லை, சாயத்துக்கும் ஆபத்து கம்மி.

அதுக்கும் மிஞ்சினா ஆல்கஹால். மருந்துக் கடைல சர்ஜிகல் ஸ்பிரிட்னு கேட்டா கிடைக்கும். அதுக்கும் அதே உள்மடிப்பு டெஸ்ட். ஒரு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியால அஞ்சு நிமிஷம் அழுத்துங்க. கலர் ஏறினா நிறுத்திடுங்க. ஏறலைன்னா, பசைக்கு அடில ஒரு துணி வெச்சு, வெளிய இருந்து உள்ளுக்கு ஒத்தி ஒத்தி எடுங்க. தேய்ச்சா பசை பரவும். சானிடைசர்லயும் ஆல்கஹால்தான் இருக்கு, ஆனா அதுல கிளிசரினும் கலந்திருக்கும், அது வேற ஒரு பிசுக்கை விட்டுட்டுப் போகும்.

இப்போ நெயில் பாலிஷ் ரிமூவர். பல ரிமூவர்ல இருக்கிறது அசிட்டோன். பாலியஸ்டர் இழையை அது கரைக்காது, உண்மைதான். அதை மட்டும் படிச்சுட்டுத்தான் பல பேர் இறங்கிடறாங்க. ஆனா டிஸ்பர்ஸ் சாயத்தை அது இளக்கி வெளியே கொண்டு வரும். பக்கத்துல நீங்க வெச்சுக்க நினைக்கிற நம்பரையும் லோகோவையும் கூழாக்கும். துணில அசிட்டேட் இழை கலந்திருந்தா இழையே கரைஞ்சு ஓட்டை விழும். எங்க டீம் விக்கெட் கீப்பர் பழைய லோகோவை இப்படித்தான் எடுத்தான். லோகோ போச்சு, பக்கத்துல இருந்த அவன் பேர்ல பாதியும் போச்சு. இப்போ அவனை நாங்க அந்த மிச்ச ரெண்டு எழுத்தாலதான் கூப்பிடறோம்.

பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் மூணும் வீட்டுக்குள்ள வரவே வேணாம். ஜெர்சியைப் பத்தின பேச்சில்லை, உங்களைப் பத்தினது. பெட்ரோல், அசிட்டோன் ஆவி சாதாரண அறை வெப்பத்துலயே தீப்பிடிக்கும், ஸ்பிரிட்டும் நம்ம ஊர் வெயிலுக்கு அப்படித்தான். ஒரு கைல ஸ்பிரிட் பஞ்சு, இன்னொரு கைல சூடான அயர்ன் பாக்ஸ்னு தயவுசெஞ்சு நிக்காதீங்க. சூட்டு வேலை முழுசா முடிஞ்சு, பாக்ஸ் ஆறி, பிளக் பிடுங்கி, ஜன்னல் திறந்து, அதுக்கப்புறம்தான் பாட்டில் திறக்கணும். அடுப்பு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் கிட்ட இருக்கக் கூடாது. ஸ்பிரிட் போட்ட ஜெர்சியைத் துவைச்சுக் காய வைக்காம மறுபடி அயர்ன் பண்ணாதீங்க.

ஃப்ரீசர் வைத்தியம் பொய்யில்லை. அது வேற பசைக்கு. விலை ஸ்டிக்கர், சைஸ் ஸ்டிக்கர், விழாவுல நெஞ்சுல ஒட்டுற பேர் ஸ்டிக்கர், இதெல்லாம் வெறும் அழுத்தத்துல ஒட்டுற பசை. குளிர்ல அது விறைச்சு, சுரண்டினா உதிரும். அதோட பிசுக்குக்கு நம்ம நீலகிரித் தைலம் நல்லாவே வேலை செய்யும். ஊட்டில இருந்து வர்றவங்க வாங்கிட்டு வந்து அலமாரில தூங்கிட்டு இருக்குமே, அதேதான். ரெண்டு சொட்டு, பத்து நிமிஷம், ஒத்தி எடுங்க. அப்புறம் எண்ணெய்க் கறை நிக்காம இருக்கப் பாத்திரம் கழுவற ஜெல். அதுவும் தீப்பிடிக்கிற எண்ணெய்தான், அந்த ஞாபகம் இருக்கட்டும்.

கறை

பாலியஸ்டருக்குத் தண்ணி பிடிக்காதுன்னு சொன்னேன். எண்ணெய் ரொம்பப் பிடிக்கும். உடம்பு எண்ணெய், பிரியாணி எண்ணெய், ரெண்டையும் கட்டிப் பிடிச்சு வெச்சுக்கும். ஜெர்சி துவைச்சும் நாறறதுக்கு இதுதான் காரணம். அதனால எண்ணெய் சம்பந்தப்பட்ட எதுக்கும் முதல்ல பாத்திர ஜெல், அப்புறம்தான் துணி சோப்பு.

மஞ்சள் தனிக் கதை. பிரியாணியோ சாம்பாரோ சிந்தினதும் சோப்பு போட்டா கறை செக்கச் செவேல்னு மாறும், பல பேர் அங்கேயே பயந்துடறாங்க. பயப்பட ஒண்ணுமில்லை. மஞ்சள்ல இருக்கிற குர்குமின் சோப்போட காரத்துல சிவக்கும், ஸ்கூல் லேப்ல மஞ்சள் தாள் வெச்சுப் பார்த்தது ஞாபகம் இருக்கலாம். அலசினா மறுபடி மஞ்சளாயிடும். குர்குமின் தண்ணில கரையாது, எண்ணெயில கரையும், தானே ஒரு சாயம் வேற. பாலியஸ்டர் சாயம் ஏறுறதைப் பத்தி முன்னாடி சொன்னேன்ல? அதனால வெந்நீர் ஊத்தினா நாமளே டையிங் பட்டறை நடத்துற மாதிரி ஆயிடும். பச்சைத் தண்ணி, ஜெல், அலசல், அப்புறம் ஈரத்தோட வெயில். வெளிச்சத்துக்கு குர்குமின் தாங்காது, மொட்டை மாடில ரெண்டு, மூணு மணி நேரத்துல மங்கிடும். மத்த நாள் எல்லாம் ஜெர்சியை நிழல்ல காய வைங்க. மஞ்சளுக்கு ஆகாத வெயில் ஜெர்சியோட நீலத்துக்கும் ஆகாது.

செம்மண் கறைன்னா ஈரத்தோட தேய்க்கற ஆசையை அடக்குங்க. முழுசாக் காய விட்டு, தட்டி, பழைய டூத் பிரஷ்ஷால உதிர்த்துட்டு அப்புறம் தண்ணி. செம்மண்ணோட சிவப்பு இரும்புத் துரு. குளோரின் ப்ளீச்சுக்கு அது போகவே போகாது. புல்லுக் கறைக்கு அதே சர்ஜிகல் ஸ்பிரிட், அதே டெஸ்ட். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணி மட்டும்தான், சூடு பட்டா அதுல இருக்கிற புரதம் முட்டை மாதிரி வெந்து பிடிச்சுக்கும்.

அக்குள்ல வர்ற மஞ்சள் பட்டை வெறும் வியர்வை கிடையாது. ஆன்டிபெர்ஸ்பிரன்ட்ல இருக்கிற அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து பண்றது. ஒரு பங்கு வினிகர், நாலு பங்கு தண்ணி, அரை மணி நேரம், அப்புறம் நல்லா அலசிட்டு ஆக்சிஜன் ப்ளீச்னு போட்டிருக்கிற பவுடர்ல ஊறப் போடுங்க. குளோரின் ப்ளீச் அங்க மஞ்சளைக் கூட்டும், ஜெர்சில ஸ்பான்டெக்ஸ் கலந்திருந்தா அதோட இழுவையையும் கெடுக்கும். இன்னும் முக்கியம், குளோரின் ப்ளீச்சோட எதையுமே கலக்காதீங்க. வினிகரோ பாத்ரூம் ஆசிடோ சேர்ந்தா குளோரின் வாயு வரும். மூடின பாத்ரூம்ல அது விளையாட்டு இல்லை.

துணி கண்டிஷனர் வாசனையா இருக்கும், ஜெர்சிக்கு வேணாம். இழை மேல ஒரு படலம் போட்டு, வியர்வையை உறிஞ்சிப் பரப்புற வேலையைக் கெடுத்துடும்.

கடைசியா, இதைப் பல பேர் கேட்டிருந்தீங்க: ‘இவ்வளவு தலைவலி எதுக்கு, டிரை கிளீனிங் கொடுத்துட்டா என்ன?’ டிரை கிளீனிங்ல தண்ணிக்குப் பதிலா கரைப்பான் போடுவாங்க. அதுக்கு எந்த லோகோவை நீங்க எடுக்க நினைக்கிறீங்க, எதை வெச்சுக்க நினைக்கிறீங்கன்னு தெரியாது. லேபிள்ல வட்டம் போட்டு மேல பெருக்கல் குறி இருந்தா கொடுக்காதீங்க. ஜெர்சில அது அடிக்கடி இருக்கும். தெருமுனை அயர்ன் வண்டி அண்ணாகிட்ட கொடுக்கறதா இருந்தா, ஜெர்சியை உள்புறம் திருப்பிக் கொடுத்துட்டு, ‘அண்ணா, இது பாலியஸ்டர், மேல துணி போட்டுத் தேய்ங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கரிப் பெட்டில புள்ளி எல்லாம் கிடையாது, ஆனா அவருக்கு அந்தச் சூடு கைலயே தெரியும்.

உங்க ஜெர்சி லேபிளையும் எழுத்தோட விளிம்பையும் கிட்டத்துல ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சிலதை எடுத்துப் பேசறேன். அதுவரைக்கும் பாட்டிலைத் திறக்காதீங்க.